மாற்று இதயம்: காத்திருப்பும் காத்தலும்

சுபாங் ஜெயாவுக்கு உறுப்பு மாற்று சிகிச்சை புதிய செய்தி அல்ல. 1995-ஆம் ஆண்டிலேயே சுபாங் ஜெயா மருத்துவ மையத்தில் டாக்டர் டான் காய் சா தலைமையிலான குழு குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று அறுவை செய்யத் தொடங்கிவிட்டது. அம்மாவோ அப்பாவோ தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுப்பார். கொடுத்தவருக்கு அது மீண்டும் வளர்ந்துவிடும். பிள்ளைக்குள் போன பகுதியும் பிள்ளையோடு சேர்ந்து வளரும். பெற்றவர்கள் துணிந்தால் நடக்கக்கூடிய காரியம் அது.

இதயத்துக்கு அந்த வழி இல்லை. எவ்வளவு பாசம் இருந்தாலும் எந்தத் தாயும் தன் இதயத்தைப் பகிர்ந்து கொடுக்க முடியாது. வேறொரு வீட்டில் ஓர் உயிர் போயிருக்க வேண்டும். மூளைச்சாவு அடைந்த அந்த உடலில் வென்டிலேட்டரின் துணையோடு இதயம் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். துக்கத்தின் உச்சத்தில் நிற்கும் அந்தக் குடும்பம் சம்மதம் சொல்ல வேண்டும். அதன் பிறகு, உடலிலிருந்து எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் அந்த இதயம் இன்னொரு நெஞ்சில் ஓடத் தொடங்க வேண்டும்.

செய்தித்தாள்கள் இந்த நான்கு மணி நேரத்தைப் பரபரப்பாக எழுதும். ஆனால் ஒரு பிள்ளை பிழைப்பதும் பிழைக்காமல் போவதும் பெரும்பாலும் அதற்கு முந்தைய மாதங்களிலும் பிந்தைய ஆண்டுகளிலும்தான் தீர்மானமாகிறது. அந்த மாதங்களையும் ஆண்டுகளையும் பற்றியதே இந்த அத்தியாயம்.

2007 அக்டோபர், கோலாலம்பூர்

ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இருதயக் கழகம், மக்கள் வாயில் ஐஜேஎன், 1992-இல் தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் இதய மாற்று அறுவை 1997 டிசம்பரில் அங்கேதான் நடந்தது. இதய மாற்று என்றால் என்னவென்று மலேசியர்கள் வீட்டுக்கு வீடு பேசியது அதற்குப் பத்தாண்டு கழித்துத்தான்.

ஜொகூர், பத்து பகாட்டைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி. இதயத்தசை தளர்ந்து, இயந்திர உதவிக் கருவியின் துணையோடு ஏறக்குறைய ஓராண்டு மருத்துவமனையிலேயே வாழ்ந்துவந்தாள். 2007 அக்டோபர் முதல் வாரத்தில் விபத்தில் இறந்த 15 வயதுப் பையன் ஒருவனின் இதயம் பேராக்கிலிருந்து வந்தது. டாக்டர் முகமட் அசாரி யாக்கூப்பின் குழு அதைப் பொருத்தியது. அவளுடைய உடல் அந்த இதயத்தை ஏற்கவில்லை. நம்பிக்கை கைவிட்டுப் போகும் நேரத்தில் ஜொகூரில் இன்னொரு குடும்பம், இறந்துபோன தங்கள் இளைஞனின் இதயத்தைக் கொடுக்க முன்வந்தது. ஓரிரு நாளுக்குள் இரண்டாம் முறையாக அவள் நெஞ்சு திறக்கப்பட்டது. இரண்டாவது இதயம் நிலைத்தது. அவள் வளர்ந்து பெரியவளானாள். அந்த வாரத்தில் நாடு முழுவதும் ஏராளமானோர் உறுப்புக் கொடைக்குப் பதிந்துகொண்டார்கள்.

இந்த ஒரு சம்பவத்துக்குள் குழந்தை இதய மாற்றின் சிக்கல் எல்லாம் அடங்கியிருக்கிறது. நீண்ட காத்திருப்பு, இயந்திரத்தோடு வாழ்வு, உடலின் எதிர்ப்பு, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் பெருமனம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தப் பிள்ளைக்கு மாற்று இதயம்?

பிறவி இதயக் குறை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மாற்று இதயம் தேவைப்படாது. ஓட்டையை அடைக்கலாம், வால்வைச் சரிசெய்யலாம், குழாய்களைத் திருப்பி இணைக்கலாம். இவை எதுவும் பயன்தராத இடத்தில்தான் மாற்று பற்றிய பேச்சு எழும்.

அந்த நிலைக்கு வருகிறவர்கள் இரண்டு வகையினர். ஒரு வயதுக்கு உட்பட்டவர்களில் கணிசமானோர் சிக்கலான பிறவிக் குறை உள்ளவர்கள். இடப்பக்க இதயம் வளராமலே பிறக்கும் பிள்ளைகள் இதில் அடக்கம். வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதயத்தசை நோய். அது பரம்பரையாக வரலாம், சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கி வைரஸ் இதயத்தசையைத் தாக்கியதால் வரலாம், புற்றுநோய்க்குக் கொடுத்த சில மருந்துகளின் விளைவாகவும் வரலாம்.

பிள்ளைகளிடம் இதயத் தளர்ச்சி ஏமாற்றும். பெரியவர்களைப் போல 'மூச்சு வாங்குகிறது' என்று அவர்கள் சொல்வதில்லை. கைக்குழந்தை பால் குடிக்கும்போதே வியர்த்து, பாதியில் களைத்துத் தூங்கிவிடும், எடை ஏறாது. பள்ளிப் பிள்ளைக்கு வாந்தியும் வயிற்றுவலியும் வரும். கல்லீரல் வீங்குவதே அதற்குக் காரணம். வயிற்றுக் கோளாறு என்று நினைத்து வாரக்கணக்கில் அதற்கே மருந்து கொடுத்து, கடைசியில் எக்ஸ்ரேயில் பெருத்த இதயத்தைப் பார்த்து அதிர்ந்த பெற்றோர் உலகெங்கும் உண்டு.

பட்டியலில் ஏறுமுன்

மாற்று இதயம் வேண்டும் என்று முடிவானதும் பிள்ளையின் உடல் முழுவதையும் மருத்துவர்கள் அலசுவார்கள். முதல் கேள்வி நுரையீரலைப் பற்றியது. நெடுநாள் தளர்ந்த இதயம் நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தத்தை ஏற்றிவிடும். அந்த அழுத்தம் மருந்துக்கும் இறங்காத அளவு உயர்ந்திருந்தால், புதிய இதயத்தின் வலப்பக்க அறை அதை எதிர்த்துத் தள்ள முடியாமல் அறுவை மேசையிலேயே தோற்றுப்போகும். தொடை அல்லது கழுத்துக் குழாய் வழியே கத்தீட்டர் செலுத்தி இதை அளந்து பார்ப்பார்கள்.

இரண்டாவது கேள்வி இரத்தத்தில் உள்ள எதிரணுக்களைப் பற்றியது. முன்பு இரத்தம் ஏற்றியிருந்தாலோ, பழைய அறுவையில் பிறருடைய திசு வைத்திருந்தாலோ, பிள்ளையின் உடல் அந்நியத் திசுவை அடையாளம் கண்டு தாக்கக் கற்றிருக்கும். அப்படிப்பட்ட உடலுக்குள் புதிய இதயம் நுழைந்தால் எதிர்ப்பு மணிக்கணக்கிலேயே தொடங்கிவிடலாம்.

மூன்றாவது, தடுப்பூசி. பெற்றோர் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டியது இது. தட்டம்மை, அம்மைக்கட்டு, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியும், நீர்க்கொப்புளம் எனப்படும் சின்னம்மைக்கான தடுப்பூசியும் உயிருள்ள, வலுக்குறைத்த கிருமிகளால் ஆனவை. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து தொடங்கிய பிறகு அவற்றைப் பொதுவாகப் போடுவதில்லை. எனவே காத்திருக்கும் காலத்திலேயே, அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பாக, போட்டு முடிக்க முயல்வார்கள். மலேசியாவில் எம்எம்ஆர் 9 மற்றும் 12 மாதத்தில் அரசு கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. சின்னம்மைத் தடுப்பூசி அந்த அட்டவணையில் இல்லை. கேட்டுத்தான் போட வேண்டும். வீட்டில் உள்ள அண்ணன், தங்கை, தாத்தா, பாட்டி எல்லோரும் தங்களுக்குரிய ஊசிகளைப் போட்டுக்கொள்வதும் அந்தப் பிள்ளைக்கே காப்பு.

பல் சோதனையும் உண்டு. சொத்தைப் பல்லில் தொடங்கும் கிருமி இரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போகக்கூடும் என்பதால், பல் மருத்துவர் முன்பே பார்த்துவிடுவார். சமூகப் பணியாளர் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவார். மருந்து கொடுப்பது யார், மருத்துவமனைக்கு அழைத்துவருவது யார், அம்மா வேலையை விட்டால் வீட்டுச் செலவு எப்படி? இவற்றுக்குப் பதில் இல்லாமல் எவ்வளவு நல்ல அறுவையும் நிலைக்காது.

இயந்திரத்தின் துணையில்

பெரியவருக்கான இதயம் சிறு பிள்ளையின் நெஞ்சில் அடங்காது. கொடுப்பவரின் எடை பெறும் பிள்ளையின் எடைக்கு ஏறக்குறைய சமமாகவோ, இரண்டு மடங்கு வரையிலோ இருக்க வேண்டும். 14 வயதுச் சிறுமிக்கு ஓர் இளைஞனின் இதயம் பொருந்தலாம். 8 கிலோ எடையுள்ள கைக்குழந்தைக்கு இன்னொரு சிறு பிள்ளையின் இதயமே வேண்டும். ஆகவே சிறியவர்களின் காத்திருப்பு நீளமானது.

அந்த இடைவெளியைக் கடக்க உதவும் கருவிகளில் ஒன்று பெர்லின் ஹார்ட் எக்ஸ்கோர். 1990-இலேயே ஒரு பிள்ளைக்குப் பயன்பட்ட இக்கருவி, 10 மில்லி லிட்டர் முதல் 60 மில்லி லிட்டர் வரை பல கொள்ளளவுகளில் கிடைக்கிறது. இதயத்திலிருந்து தடித்த குழாய்கள் வயிற்றுச் சுவர் வழியாக வெளியே வரும். வெளியே, வயிற்றின்மேல், கண்ணாடிபோல் தெளிவான ஒரு சிறு அறை. அதன் நடுவே ஒரு சவ்வு. சவ்வின் ஒரு பக்கம் இரத்தம், மறுபக்கம் காற்று. சக்கரம் வைத்த பெட்டியிலிருந்து காற்று உந்தி வரும்போதெல்லாம் சவ்வு அழுந்தி இரத்தத்தை உடலுக்குள் தள்ளும்.

அறை தெளிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தாதி ஒரு கைவிளக்கை எடுத்து, வால்வின் ஓரங்களிலும் குழாய் இணையும் இடங்களிலும் ஒளியைப் பாய்ச்சி அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். வெள்ளையாக நூல்போல் ஏதேனும் படிந்திருக்கிறதா, கருஞ்சிவப்பாக ஏதேனும் உறைந்திருக்கிறதா? பார்த்ததைப் படம் வரைந்து, எந்த இடத்தில் எவ்வளவு என்று குறித்துவைப்பார். அடுத்த முறை அது பெரிதாகியிருந்தால் மருத்துவரை அழைப்பார். கடுகளவு கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்தைக் கூட்டினால் மூளைக்குள் கசிவு. இரண்டுக்கும் நடுவே நாள்தோறும் கணக்குப் போட்டுக்கொண்டே பிள்ளையைக் காக்க வேண்டும்.

அதே நேரத்தில் அந்தப் பிள்ளை வளரவும் வேண்டும். கருவி இரத்தத்தை ஒழுங்காகத் தள்ளத் தொடங்கியதும் பசி திரும்பும். ஊட்டச்சத்து நிபுணர் எடையை ஏற்றுவார், உடற்பயிற்சியாளர் நடக்க வைப்பார், பாடமும் விளையாட்டும் வார்டுக்கே வரும். மெலிந்து படுத்த பிள்ளையைவிட, எழுந்து நடமாடித் தேறிய பிள்ளை அறுவையை நன்றாகத் தாங்கும்.

அறுவை, அதன் குறுகிய வரலாறு

1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் மனித இதய மாற்றைச் செய்தார். மூன்றே நாள் கழித்து நியூயார்க்கின் புரூக்ளினில் ஏட்ரியன் காண்ட்ரோவிட்ஸ், பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத குழந்தைக்கு அதைச் செய்தார். அந்தக் குழந்தை சில மணி நேரமே வாழ்ந்தது. தைக்கும் திறமை அன்றே இருந்தது. உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்துதான் இல்லை.

அந்த மருந்து மண்ணிலிருந்து வந்தது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் பிறந்தது. 1983-இல் அமெரிக்கா அதை அனுமதித்ததும் உறுப்பு மாற்று மருத்துவத்தின் போக்கே மாறிற்று. 1984-இல் ஜப்பானின் சுக்குபா பகுதி மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிர் டாக்ரோலிமஸைத் தந்தது. இன்று பெரும்பாலான பிள்ளைகள் எடுத்துக்கொள்வது இதைத்தான். 1985-இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் லியனார்ட் பெய்லி பச்சிளங்குழந்தை ஒன்றுக்கு வெற்றிகரமாக இதயம் மாற்றினார்.

கைக்குழந்தைகளுக்கு இயற்கை ஒரு சலுகையும் கொடுத்திருக்கிறது. மற்ற இரத்த வகைகளுக்கு எதிரான எதிரணுக்கள் பிறந்து சில மாதங்கள் வரை உருவாவதில்லை. இதைக் கருத்தில் கொண்டு டோராண்டோவில் லோரி வெஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 1996 முதல் இரத்த வகை பொருந்தாத இதயங்களைக் கைக்குழந்தைகளுக்குப் பொருத்தி வெற்றி கண்டார்கள். 2001-இல் முடிவு வெளியானது. காத்திருந்து இறந்துபோயிருக்கக்கூடிய பல குழந்தைகளுக்கு அந்தக் கண்டுபிடிப்பு வாழ்வளித்தது.

வீடு திரும்பிய பிறகு

புதிய இதயத்துக்கு நரம்புத் தொடர்பு இல்லை. வெட்டி எடுத்தபோது நரம்புகளும் அறுந்துவிட்டன. எனவே சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அது சற்று வேகமாகவே துடிக்கும். ஓடத் தொடங்கினால் உடனே வேகமெடுக்காது. இரத்தத்தில் அட்ரினலின் ஏறிய பிறகே எடுக்கும். ஓட்டத்துக்கு முன் சில நிமிடம் உடலைச் சூடேற்றிக்கொள்ளவும், நிறுத்தும்போது மெதுவாகத் தணியவும் பிள்ளைக்கும் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த இதயத்துக்கு இரத்தம் குறைந்தாலும் நெஞ்சுவலி பெரும்பாலும் தெரியாது. ஆகவே வலிக்கவில்லை என்பதை வைத்து நலம் என்று முடிவு கட்டமுடியாது.

எதிர்ப்பைக் கண்டுபிடிக்கக் கழுத்துக் குழாய் வழியே மெல்லிய இடுக்கி ஒன்றை இதயத்துக்குள் அனுப்பி, அரிசி மணியைவிடச் சிறிய துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். முதல் ஆண்டில் இது அடிக்கடி நடக்கும், பிறகு குறையும்.

சுபாங் ஜெயாவில் வாழும் ஒரு குடும்பத்துக்கு இரத்தப் பரிசோதனை நாள் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். டாக்ரோலிமஸ் பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. இரத்தத்தில் அதன் அளவைச் சரியாக அறிய, அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன்பு இரத்தம் எடுக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கொடுத்திருந்தால் காலை எட்டு மணிக்குப் பிள்ளை மருத்துவமனையில் இருக்க வேண்டும். ஃபெடரல் நெடுஞ்சாலையின் காலை நெரிசலைக் கணக்கிட்டு விடியும்போதே கிளம்ப வேண்டும். மருந்து கைப்பையில் இருக்கும், ஆனால் வழியில் கொடுக்கக் கூடாது. இரத்தம் எடுத்த பிறகே கொடுக்க வேண்டும். அவசரத்தில் வீட்டிலேயே கொடுத்துவிட்டால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் எதிர்ப்புக்குக் கதவு திறந்ததாகிவிடும். அப்படிக் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது.

இந்த மருந்துக்குச் சில பகைகள் உண்டு. ஈப்போவின் தம்புன் பக்கம் விளைந்து சீனப் புத்தாண்டு வந்தால் கடைகளை நிரப்பும் பம்ப்ளிமாஸ், அதன் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் இரண்டும் டாக்ரோலிமஸின் அளவை ஏற்றக்கூடியவை. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் அப்படியே. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அளவை இறக்கிவிடும். கடுமையான வயிற்றுப்போக்கிலும் அளவு ஏறலாம். ஐபுப்ரோஃபென் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும். ஆகவே பக்கத்து கிளினிக்கானாலும் சரி, உறவினர் அன்போடு கொண்டுவரும் சூரணமோ ஜாமுவோ ஆனாலும் சரி, மாற்று சிகிச்சைக் குழுவைக் கேட்காமல் எதையும் கொடுக்கக் கூடாது.

நோயெதிர்ப்பு அடங்கிய உடலில் காய்ச்சல் என்பது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறி. டெங்கி ஓயாத சிலாங்கூரில் இது இருமடங்கு உண்மை. வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது, வேகாத கெராங்கையும் திறந்துவைத்த உணவையும் தவிர்ப்பது, புகைமூட்ட நாட்களில் வெளியே விளையாடவிடாமல் இருப்பது, இவையெல்லாம் மருந்துச் சீட்டில் எழுதப்படாத மருந்துகள். இதற்காகப் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கத் தேவையில்லை. முதல் சில மாதங்கள் கடந்ததும் பள்ளிக்குப் போக வேண்டும், பந்து விளையாட வேண்டும், பிறந்தநாள் கொண்டாட வேண்டும். அந்த வாழ்வுக்காகத்தானே இத்தனையும்.

பதின்ம வயது

ஒரு வயதுக்குள் இதயம் பெற்றவர்களில் பாதிப்பேர் 20 ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். பதின்ம வயதில் பெற்றவர்களில் பாதிப்பேர் ஏறக்குறைய 13 முதல் 15 ஆண்டுகளைக் கடக்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகளைவிடக் கைக்குழந்தையின் உடல் புதிய இதயத்தை எளிதில் ஏற்கிறது என்பது ஒரு காரணம். பதின்ம வயதினர் மருந்தை விட்டுவிடுவது இன்னொரு காரணம்.

ஸ்டீராய்டால் முகம் உப்புகிறது, பருக்கள் வருகின்றன. நண்பர்கள் முன்னால் மாத்திரை எடுக்கக் கூச்சம். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்ற எண்ணம். ஒரு வேளை, இரண்டு வேளை என்று தொடங்கி வாரக்கணக்கில் நின்றுபோகும். அறிகுறி தெரியும்போது இதயம் பாதி கெட்டிருக்கும். அதட்டல் இங்கே பலன் தராது. பத்து, பன்னிரண்டு வயதிலேயே தன் மருந்துகளின் பெயரையும் காரணத்தையும் பிள்ளைக்குச் சொல்லி, மெல்ல மெல்லப் பொறுப்பை அதன் கையில் கொடுத்து, பெற்றோர் அருகிலிருந்து பார்த்துவர வேண்டும். மருத்துவரைத் தனியாகச் சந்தித்துப் பேசும் உரிமையும் அந்த வயதுக்கு வேண்டும்.

நெடுநாளில் இதயத்தின் இரத்தக் குழாய்கள் உட்புறம் தடித்துக் குறுகும். சிறுநீரகம் தளரலாம். ஈபிவி வைரஸ் தூண்டும் ஒருவகை நிணநீர்ப் புற்று வரலாம். சிலருக்கு இரண்டாவது இதயம் தேவைப்படும். மாற்று இதயம் நோயை முற்றாக ஒழிப்பதில்லை. கொல்லும் நோயை வாங்கிக்கொண்டு, கவனித்தால் கூடவே வாழக்கூடிய ஒரு நிலையைக் கொடுக்கிறது. பெற்றோருக்கு இதை முதல் நாளிலேயே நேர்மையாகச் சொல்லும் மருத்துவரே நல்ல மருத்துவர்.

கொடுக்கும் வீடு

2008 செப்டம்பரில் சென்னையை அடுத்த திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியரின் மகன் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அவனுடைய உறுப்புகளைக் கொடுக்க முடிவெடுத்தார்கள். போலீசார் சாலையை ஒதுக்கித் தர, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் வரை 11 நிமிடத்தில் இதயம் போய்ச் சேர்ந்தது. அங்கே டாக்டர் கே.எம். செரியனின் மருத்துவமனையில் 9 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அது பொருத்தப்பட்டது. அதே ஆண்டில் தமிழக அரசு உறுப்புக் கொடைக்கு முறையான திட்டத்தைத் தொடங்கியது. சென்னை பின்னர் இந்தியாவின் இதய மாற்று மையங்களில் முதன்மையானவற்றில் ஒன்றானது.

மலேசியாவில் திறமை இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, 1974-ஆம் ஆண்டிலிருந்தே மனிதத் திசுச் சட்டமும் இருக்கிறது. இல்லாதது கொடை. ஸ்பெயினில் ஆண்டுக்குப் பத்து லட்சம் மக்களுக்கு 40 பேருக்கு மேல் இறந்தபின் உறுப்பு தருகிறார்கள். மலேசியாவில் அது ஒருவர் என்ற அளவை ஒட்டியே நிற்கிறது. மைசெஜாத்ரா செயலியில் பதிந்துகொள்ள சில நிமிடம் போதும். ஆனால் பதிந்தவர் இறந்தாலும் மருத்துவர்கள் குடும்பத்தைக் கேட்பார்கள். அவர் விருப்பம் வீட்டாருக்குத் தெரியாவிட்டால், அந்தத் துக்கத்தில் பெரும்பாலும் 'வேண்டாம்' என்ற பதிலே வரும்.

'எனக்கு ஏதாவது ஆனால் கொடுத்துவிடுங்கள்' என்று பெரியவர்கள் தங்களைப் பற்றி வீட்டில் சொல்லிவைப்பது கடினமில்லை. தம் பிள்ளைகளைப் பற்றி அப்படிப் பேச எவருக்கும் நா எழாது. எழத் தேவையும் இல்லை. உறுப்புக் கொடை நல்ல காரியம், நம் குடும்பத்துக்கு அதில் உடன்பாடு என்று ஒருமுறை எல்லோரும் பேசி முடிவெடுத்திருந்தால் போதும். வேண்டாத நாள் ஒன்று வந்தால், அந்த முடிவு அவர்களுக்குத் துணை நிற்கும். கருவியோடு காத்திருக்கும் பிள்ளைக்கு மருத்துவர்களால் செய்யக்கூடியதை இந்த நாட்டு மருத்துவர்கள் செய்கிறார்கள். அவர்களால் செய்ய முடியாத ஒரே காரியம் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் சுபாங் ஜெயாவிலும் நம் வீடுகளில் நடக்க வேண்டிய அந்தப் பேச்சு.